உஷார்! தினமும் விழுங்கும் ‘ஆன்டி-ஆக்ஸிடன்ட்’ மாத்திரை... உங்கள் மரபணுவுக்குப் பாதுகாப்பானதா?

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களே, உங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். மஞ்சள் கேப்சூல், கிரீன் டீ கேப்சூல், நெல்லி மாத்திரை, வைட்டமின் ஈ, திராட்சை விதைச் சாறு என்று ஏதாவது ஒரு ‘ஆன்டி-ஆக்ஸிடன்ட்’ டப்பா கண்ணில் படும். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கியதாக இருக்காது. ஜிம் பயிற்சியாளர் சொல்லியிருப்பார், வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், இல்லாவிட்டால் ஆன்லைன் தள்ளுபடியில் மகன் வாங்கி அப்பாவுக்கு அனுப்பியிருப்பான். ‘இயற்கைதானே, என்ன செய்துவிடும்?’ என்ற நம்பிக்கையில் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று வருஷக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அந்த மாத்திரை உங்கள் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைக் கெடுக்காது என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா? சோதித்திருந்தால், அந்த டப்பாவில் இருக்கும் அதே சாற்றையா, வேறு எதையாவதா?

பதில் தெரியாமல் அடுத்த டப்பாவுக்கு ஆர்டர் போடாதீர்கள்.

வலிக்காது, காய்ச்சல் வராது. அதுதான் ஆபத்து

ஒரு மாத்திரை வயிற்றைக் கெடுத்தால் அன்றே தெரிந்துவிடும். கல்லீரலைக் கெடுத்தால் சில வாரங்களில் கண் மஞ்சளாகும், ரத்தப் பரிசோதனையில் என்சைம் ஏறியிருக்கும். டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதம் அப்படித் தெரியாது. ஒரு செல்லில் ஓர் எழுத்து மாறுகிறது, குரோமோசோம் ஒன்று உடைந்து தவறாக ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலான சேதத்தை உடலே சரிசெய்துவிடும். சரிசெய்யாமல் விட்ட ஒன்று 10, 20 வருஷம் கழித்துப் புற்றுநோயாக வெளியே வரலாம். கருமுட்டையிலோ விந்தணுவிலோ அந்தச் சேதம் நடந்தால், சுமப்பது அடுத்த தலைமுறை.

அந்த நேரத்தில், ‘15 வருஷத்துக்கு முன்னால் சாப்பிட்ட மாத்திரைதான் காரணம்’ என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மக்கள் வாயில் போடும் முன்பே பரிசோதனைக் கூடத்தில் பார்த்துவிட வேண்டும் என்று நச்சியல் விஞ்ஞானிகள் அடித்துச் சொல்கிறார்கள்.

நல்லது என்று கொடுத்தார்கள், புற்றுநோய் கூடியது

‘ஆன்டி-ஆக்ஸிடன்ட் புற்றுநோயைத் தடுக்கும்’ என்று உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக இருந்ததைப் பார்த்து, அவற்றில் உள்ள பீட்டா கரோட்டினை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஃபின்லாந்தில் 29,133 ஆண்கள், எல்லோரும் புகைபிடிப்பவர்கள். தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994ல் இந்த முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் அதிர்ந்துபோனது. அடுத்து அமெரிக்காவில் 18,314 பேர்: புகைபிடிப்பவர்கள், புகையை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள். பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ சேர்த்துக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடியதைப் பார்த்து, 1996 ஜனவரியில் திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்னதாகவே ஆய்வை நிறுத்தினார்கள்.

மூன்றாவது, வைட்டமின் ஈ. 35,533 ஆண்கள் பங்கெடுத்த ஆய்வு. புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் தினம் 400 யூனிட் கொடுத்தார்கள். 2011ல் வெளியான கணக்கில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் அதே புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. புற்றுநோயையோ இதய நோயையோ தடுக்க பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு வல்லுநர் குழு 2022ல் தெளிவாகவே பரிந்துரைத்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் இன்றும் இரண்டும் தடையில்லாமல் விற்கின்றன.

ஏன் இப்படி ஆனது? ஒரு விளக்கம் இது. ஆன்டி-ஆக்ஸிடன்ட் அடக்கும் வினைமிகு ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் எல்லாமே எதிரி இல்லை. கெட்டுப்போன செல்லைக் கண்டுபிடித்து அழிக்கும் பி53 என்ற காவல் புரதம் விழித்துக்கொள்ள, அவை ஏற்படுத்தும் ஆக்ஸிஜன் அழுத்தமே ஒரு சமிக்ஞை. 2014ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள், நுரையீரலில் கட்டி உள்ள எலிகளுக்கு வைட்டமின் ஈயோ, என்-அசிடைல் சிஸ்டைன் என்ற இன்னொரு ஆன்டி-ஆக்ஸிடன்டோ கொடுத்தார்கள். கட்டி வேகமாக வளர்ந்தது, எலிகள் சீக்கிரம் செத்தன. மாத்திரை அழுத்தத்தைத் தணித்ததில் பி53 விழிக்கவில்லை, புற்றுச் செல்கள் தப்பிப் பிழைத்தன.

இன்னொரு பக்கமும் உண்டு. குறைந்த அளவில் ஆன்டி-ஆக்ஸிடன்டாக நடக்கும் பொருளே, அளவு கூடினால் நேரெதிராக மாறி டி.என்.ஏ.வை உடைக்கலாம். மஞ்சளின் குர்குமினைத் தாமிர அயனியோடு சேர்த்தபோது டி.என்.ஏ. இழைகள் வெட்டுப்படுவதை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998லேயே காட்டினார்கள். அது சோதனைக் குழாயில் நடந்தது, மனித உடலில் இல்லை. ஆனாலும் ‘ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்றால் டி.என்.ஏ.வுக்குக் கவசம்’ என்ற விளம்பரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு அது போதும்.

‘மூலிகைதானே’ என்பவர்களுக்கு ஆடுதீண்டாப்பாளை

நம் நாட்டு மருந்தில் ஆடுதீண்டாப்பாளை தெரியும், ஈசுவரமூலி தெரியும். இரண்டும் அரிஸ்டோலோக்கியா என்ற ஒரே இனத்துச் செடிகள். இந்த இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் நேராக டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, தனக்கே உரிய தழும்பை அதில் விட்டுச் செல்கிறது.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிய ஒரு மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா கலந்துபோனது. 100க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது; பலருக்கு அது முற்றிலும் செயலிழந்தது. அவர்களில் சிறுநீரகத்தை எடுத்துவிட்ட 39 பேரைப் பரிசோதித்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மரபணுச் சோதனையில் இது தெளிவாகவே மாட்டிக்கொள்ளும் பொருள். அந்த மாத்திரையை விற்பதற்கு முன் யாராவது சோதித்திருந்தால் அத்தனை பெண்கள் தப்பியிருப்பார்கள்.

தெரிந்த மூலிகையிலும் கவனம் வேண்டும். துளசி வகைகளில் காணப்படும் மெத்தில் யூஜினால், 2023ல் அதே அமைப்பின் ‘அநேகமாக மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது’ என்ற பிரிவுக்கு உயர்த்தப்பட்டது. வாசலில் இருக்கும் துளசி இலை இரண்டை வாயில் போடுவதைச் சொல்லவில்லை. அதைப் பல மடங்கு செறிவாக்கி, கேப்சூலில் அடைத்து, வருஷம் முழுவதும் தினமும் விழுங்குவதைச் சொல்கிறேன்.

பெங்களூரில் பிறந்த மஞ்சள்–மிளகு மாத்திரை

இன்று உலகம் முழுக்க விற்கும் ‘மஞ்சளும் மிளகும் சேர்ந்த’ மாத்திரையின் வேர் பெங்களூரில் இருக்கிறது. 1998ல் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் ஓர் ஆய்வு நடந்தது. 2 கிராம் குர்குமின் மட்டும் கொடுத்தால் ரத்தத்தில் ஏறக்குறைய எதுவுமே சேரவில்லை. கூடவே மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். உடலில் சேரும் குர்குமின் 2,000 சதவீதம் கூடியது. ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களில், சாமி லேப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய முகம்மது மஜீதும் ஒருவர். அந்தக் குறுகிய ஆய்வில் பக்கவிளைவு எதுவும் தென்படவில்லை.

இப்போது யோசியுங்கள். ‘நம் பாட்டி காலத்திலிருந்து மஞ்சள் சாப்பிடுகிறோம்’ என்று நாம் சொல்லும் பாதுகாப்பு, குடல் பெரும்பாலும் உள்ளே விடாத மஞ்சளுக்கானது. குடலும் கல்லீரலும் போட்டிருந்த தடையைப் பைப்பரின் தளர்த்திவிட்ட பிறகு, பாட்டியின் ரசம் சாட்சிக்கு வர முடியாது. அந்தக் கலவையைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அளவையும் பாருங்கள். குர்குமினை உணவு நிறமியாகச் சேர்க்கும்போது, உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டாக நடத்தும் வல்லுநர் குழு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை ஏற்றுக்கொள்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம். கடையில் விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 500 மில்லிகிராம், 1,000 மில்லிகிராம். 180ஐத் தாண்டிய நொடியில் ஆபத்து என்று பொருளில்லை. அந்த வரம்பில் பாதுகாப்பு இடைவெளி விட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு என்று சொல்லப்பட்ட அளவு அது. அதைப்போல மூன்று மடங்கு, ஐந்து மடங்கு விழுங்குகிறவர் அதே உத்தரவாதத்தை எதிர்பார்க்க முடியாது.

கல்லீரல் ஏற்கெனவே மணி அடித்துவிட்டது. இத்தாலியில் 2019ல் மஞ்சள் சப்ளிமெண்ட் எடுத்தவர்களுக்கு ஹெபடைடிஸ் என்று வரிசையாகப் புகார்கள் வந்தன; 2022ல் அந்த நாடு லேபிளில் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவர் கூட்டமைப்பு, மஞ்சள் சப்ளிமெண்டே காரணம் என்று 10 நோயாளிகளைக் கண்டறிந்தது. 5 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்துபோனார். பரிசோதித்த 7 தயாரிப்புகளில் 3ல் மிளகுச் சாறு இருந்தது. அந்த 10 பேரில் 7 பேரிடம் ஒரே குறிப்பிட்ட மரபணு வகை காணப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்தால், இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

சரியான சோதனை எப்படி இருக்கும்?

மரபணுப் பாதுகாப்பை ஒரே சோதனையில் முடிவுசெய்ய முடியாது. குறைந்தது மூன்று சோதனைகள் வேண்டும்.

முதலாவது ஏம்ஸ் சோதனை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஏம்ஸ் 1970களில் உருவாக்கியது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி கெடுத்துவைத்த சால்மொனெல்லா பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் வளர்ப்பார்கள். சாதாரணமாக அது வளராது. சோதிக்கும் பொருள் டி.என்.ஏ.வை மாற்றினால், சில பாக்டீரியாக்கள் இழந்த திறனைத் திரும்பப் பெற்றுப் புள்ளி புள்ளியாக வளர்ந்துவிடும். இரண்டு, மூன்று நாளில் புள்ளிகளை எண்ணிவிடலாம். சர்வதேச வழிமுறைப்படி குறைந்தது 5 வகை பாக்டீரியாக்களில், ஒரு தட்டுக்கு 5 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்க்க வேண்டும். எலியின் கல்லீரல் சாற்றைச் சேர்த்தும் சேர்க்காமலும் செய்ய வேண்டும். பல பொருள்கள் வாயில் போகும்போது சாதுவாக இருந்து, கல்லீரலில் மாறிய பிறகுதான் விஷமாகின்றன.

இரண்டாவது, குரோமோசோம் சோதனை. பாலூட்டிகளின் செல்களை வளர்த்து, குரோமோசோம்கள் உடைகின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். மூன்றாவது, நுண்கரு சோதனை. செல் பிரியும்போது சிதறிய குரோமோசோம் துண்டுகள் குட்டிக் கருக்களாக மிஞ்சுகின்றனவா என்று பார்ப்பார்கள். உயிருள்ள எலியின் எலும்பு மஜ்ஜையிலும் இதைச் செய்யலாம்.

மூன்றும் ஏன் வேண்டும் என்பதற்கு க்வெர்செட்டின் சாட்சி. வெங்காயத்தில் இருக்கும் பிரபலமான ஆன்டி-ஆக்ஸிடன்ட் இது. 1970களிலேயே ஏம்ஸ் சோதனையில் மரபணுவை மாற்றுவதாகத் தெரிந்தது. விலங்குகளில் செய்த மரபணுச் சோதனைகளில் பெரும்பாலும் அந்த விளைவு காணவில்லை. கடைசியில், ‘மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை’ என்ற மூன்றாம் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை வைத்தது. சமையல் வெங்காயத்துக்கு யாரும் பயப்பட வேண்டாம். 100 கிராம் வெங்காயத்தில் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும்; மாத்திரையில் 500, 1,000 மில்லிகிராம் ஒரே வாயில் போகிறது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பீட்டா கரோட்டின் ஏம்ஸ் சோதனையில் தேறிய பொருள். தேறிய பிறகும் புகைபிடிப்பவர்களிடம் புற்றுநோயைக் கூட்டியது. ஆகவே மரபணுச் சோதனை முதல் வாசல் மட்டுமே. அந்த முதல் வாசலைக்கூடத் தாண்டாத மாத்திரையை என்னவென்று சொல்வது?

செய்ய முடியும் என்பதற்குப் பெங்களூரே சாட்சி

‘இதெல்லாம் பெரிய நாட்டுச் சோதனைகள், இங்கே எப்படி?’ என்று எந்த நிறுவனமும் சாக்குச் சொல்ல முடியாது. பெங்களூரில் இயங்கும் நேச்சுரல் ரெமடீஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், காம்கோல்ட் என்ற நிலவேம்புச் சாற்றை ஏம்ஸ், குரோமோசோம், நுண்கரு ஆகிய மூன்று சோதனைகளிலும் பார்த்து, முடிவை 2009ல் சர்வதேச நச்சியல் இதழில் வெளியிட்டார்கள். மரபணுச் சேதம் காணவில்லை. 2013ல் மஞ்சளின் நீர்ச்சாற்றிலிருந்து எடுத்த பாலிசாக்கரைடுக்கும் அதேபோல் மரபணுச் சோதனை செய்து வெளியிட்டார்கள். அதிலும் சேதம் இல்லை.

இது பாராட்டவேண்டிய வேலை. ஆனால் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, சோதித்தது விற்கும் நிறுவனமே; சுதந்திரமான இன்னொரு கூடமும் அதையே சொன்னால்தான் நம்பிக்கை கூடும். இரண்டு, முடிவு அந்தக் குறிப்பிட்ட சாற்றுக்கு மட்டுமே பொருந்தும். மஞ்சள் பாலிசாக்கரைடு தேறியது என்ற காகிதத்தைக் காட்டி, 95 சதவீத குர்குமினும் பைப்பரினும் அடைத்த மாத்திரையை விற்றால் அது ஏமாற்று. செடி ஒன்றுதான், இலை, வேர், தண்ணீர்ச் சாறு, ஆல்கஹால் சாறு எல்லாம் வெவ்வேறு ரசாயனக் கலவைகள்.

நல்ல ஆய்வக நடைமுறைச் சான்றிதழ் கொடுக்க மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் ஓர் ஆணையம் இருக்கிறது. 2011 மார்ச்சிலிருந்து, இந்தியாவில் அந்தச் சான்றோடு செய்த சோதனை முடிவுகளை வளர்ந்த நாடுகளும் ஏற்றுக்கொள்கின்றன. பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும், தமிழ்நாட்டில் படப்பையிலும் அப்படிப்பட்ட கூடங்கள் இயங்குகின்றன. ஏற்றுமதி என்றால் சோதனை அறிக்கை தயாராகிறது. உள்ளூர்க்காரர் வாங்கும் டப்பாவுக்கு மட்டும் ஏன் இல்லை?

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் போதுமா?

போதாது. டப்பாவில் இருக்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) எண், அந்த நிறுவனம் உணவு தயாரிக்க உரிமம் பெற்றது என்பதைத்தான் சொல்கிறது. வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இருப்பதால் பிரேக் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடுமா?

ஆரோக்கிய சப்ளிமெண்ட்களுக்கான இந்திய விதிகள் 2016ல் வந்தன. அனுமதிப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் செடியை, சொன்ன அளவுக்குள் சேர்த்தால், ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனியாக மரபணுச் சோதனை முடித்துக்கொண்டு வா என்று யாரும் கேட்பதில்லை. பட்டியலில் இல்லாத புதுப் பொருளுக்குத்தான் முன் அனுமதியும் பாதுகாப்புத் தரவும் வேண்டும். ஆயுர்வேத, சித்த மருந்து என்று உரிமம் வாங்கினால், பழைய நூலில் உள்ளபடி செய்த தயாரிப்புக்குப் பாதுகாப்பு ஆய்வே தேவையில்லை. அமெரிக்காவிலும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, சப்ளிமெண்டைச் சந்தைக்குக் கொண்டுவர அரசின் முன் அனுமதி கிடையாது. ‘இம்போர்டட்’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்தும் மயங்காதீர்கள்.

மூலிகை நல்லதாக இருந்தாலும்...

உள்ளே வரும் வேறு பொருள்களும் மரபணுவைத் தாக்கலாம். 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்ஸைடு இருப்பதை ஐரோப்பா கண்டுபிடித்துப் பொருள்களைத் திரும்பப் பெற்றது. கிருமி நீக்கப் பயன்படும் அந்த வாயு, டி.என்.ஏ.வைத் தாக்கும் உறுதியான புற்றுநோய்க் காரணி. மஞ்சள் கிழங்குக்குப் பளபளப்பு ஏற்ற லெட் குரோமேட் பூசும் மோசடி தெற்காசியாவில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. அதில் ஈயமும் உண்டு, மரபணுவைச் சேதப்படுத்தும் குரோமியமும் உண்டு.

வெள்ளை வெளேரென்ற மாத்திரை மேல்பூச்சில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடு இன்னொன்று. மரபணுச் சேதத்தை ஒதுக்கிவிட முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதம் சொன்னது. 2022ல் உணவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. குர்குமினுக்கு வரம்பு போட்ட அதே சர்வதேச வல்லுநர் குழு 2023ல் அந்தப் பயத்தை ஏற்கவில்லை. விஞ்ஞானிகளே ஒத்துப்போகாத ஒரு பொருளை, வெறும் நிறத்துக்காக தினமும் விழுங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இவர்கள் இன்றே டாக்டரிடம் பேசுங்கள்

* புகைபிடிப்பவர்கள், சமீபத்தில் விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள்: பீட்டா கரோட்டின், வைட்டமின் ஏ மாத்திரை வேண்டவே வேண்டாம்.
* கித்வாய் போன்ற புற்றுநோய் மருத்துவமனைகளில் கீமோவோ ரேடியேஷனோ எடுப்பவர்கள்: ‘சத்துக்காக’ என்று உறவினர் கொடுக்கும் டப்பாவை டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள். 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2020ல் வெளியான ஆய்வில், கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் கூடுதலாகத் தெரிந்தது. உறுதியாகச் சொல்லப் போதிய எண்ணிக்கை இல்லை. விஷப் பரீட்சை செய்துபார்க்க அது காரணமும் இல்லை.
* கர்ப்பிணிகள், குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள்: அதிக அளவு வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கும் என்பது நிரூபணமான உண்மை.
* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள்: வைட்டமின் ஈ ரத்தக் கசிவைக் கூட்டலாம்.
* வலிப்பு மருந்து எடுப்பவர்கள்: பைப்பரின், ஃபெனிடோயின் போன்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.
* கல்லீரல் கோளாறு உள்ளவர்கள்: மஞ்சள், கிரீன் டீ சாறு இரண்டிலும் எச்சரிக்கை. கிரீன் டீயின் ஈ.ஜி.சி.ஜி. தினம் 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் என்சைம் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் எச்சரித்திருக்கிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 போன்றவற்றை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அவை வேறு கணக்கு.

வாங்கும் முன் கேளுங்கள்

லேபிளில் இருக்கும் வாடிக்கையாளர் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள்:

1. இந்தத் தயாரிப்பில் உள்ள அதே சாற்றுக்கு மரபணுச் சோதனை செய்தீர்களா? ஏம்ஸ், குரோமோசோம், நுண்கரு மூன்றும் உண்டா?
2. நல்ல ஆய்வக நடைமுறைச் சான்று பெற்ற எந்தக் கூடம், எந்த வருஷம் செய்தது? அறிக்கை எங்கே?
3. இந்த பேட்சுக்கு ஈயம், குரோமியம், பூச்சிமருந்து, எத்திலீன் ஆக்ஸைடு பரிசோதனை முடிவு என்ன?
4. எத்தனை நாள் வரை தொடர்ந்து எடுக்கலாம்?

‘100 சதவீதம் இயற்கை, கவலை வேண்டாம்’ என்று மட்டும் பதில் வந்தால், அந்த டப்பா உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. உரிம எண்ணை ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் போட்டுப் பாருங்கள். மாத்திரை எடுத்தபின் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, காரணமில்லாமல் பசி அடங்கி உடல் சோர்ந்தாலோ, மாத்திரையை நிறுத்தி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். புகாருக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் கட்டணமில்லா எண் 1800-112-100.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. நீண்டநாள் தினமும் சாப்பிடச் சொல்லி விற்கும் ஒவ்வொரு செறிவூட்டிய சாற்றுக்கும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். அறிக்கை எண்ணை லேபிளில் அச்சிடச் சொல்லுங்கள். சோதிக்கும் கூடம் இருக்கிறது, வழிமுறை இருக்கிறது, விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

நாம் கேட்போம். அறிக்கை வரும்வரை ஆன்டி-ஆக்ஸிடன்டுக்குக் காசு கொடுக்க வேண்டிய இடம் காய்கறிக் கடை: நெல்லிக்காய், முருங்கைக்கீரை, தக்காளி, கொய்யா. அறிக்கை காட்டாத டப்பாவை வாங்காதீர்கள். வாங்கி வைத்திருந்தால், அடுத்த மாத்திரைக்கு முன் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.